நிழலற்ற காப்பி: 1869ஆம் ஆண்டின் மூன்று அச்சேடுகளும் மலையகத் தொழிலாளர் வரலாறும்

1869ஆம் ஆண்டில் ஒரே செடியைப் பற்றி மூன்று எழுத்துகள் அச்சேறின. சென்னையில் மருத்துவர் ஜார்ஜ் பிடி, தென்னிந்தியக் காப்பித் தோட்டங்களை அழித்துவந்த தண்டுதுளைப்பான் குறித்த தம் அறிக்கையை வெளியிட்டார். இலண்டனில் ‘கார்டனர்ஸ் கிரானிக்கிள்’ இதழின் நவம்பர் வெளியீட்டில், பூஞ்சையியல் அறிஞர் எம். ஜே. பெர்க்லி, இலங்கைக் காப்பி இலைகளில் கண்ட புதிய பூஞ்சை ஒன்றை அறிவித்தார். யாழ்ப்பாணத்தில் ஆபிரகாம் ஜோசப் இயற்றிய ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளிவந்தது. முதலிரண்டும் வேளாண் அறிவியல் வரலாற்றில் இடம்பெற்றுவிட்டன. மூன்றாவதை மு. நித்தியானந்தன் ‘கூலித்தமிழ்’ (2014) நூலில் ஆராய்ந்து தமிழுலகின் கவனத்திற்குக் கொணர்ந்தார். இம்மூன்றும் தனித்தனித் துறைகளில் வாசிக்கப்பட்டு வருவதால், மூன்றுக்கும் பொதுவான ஒரு வினா மறைந்துபோகிறது. காட்டு நிழலில் வளரும் ஒரு செடியை, நிழலை நீக்கிவிட்டு வளர்க்கும் முறை எவ்வாறு வந்தது, அம்முறை யாருடைய உழைப்பைக் கோரியது என்பதே அவ்வினா.

காப்பியை வளர்த்த முறை, இலங்கை மலையகத் தமிழர் வரலாற்றிற்குரிய ஒரு முதன்மைச் சான்று என்பது இக்கட்டுரையின் கருத்து. குறிப்பாக, காப்பிக் காலத் தொழிலாளர் அனைவரும் பழம் பறிக்கும் பருவத்தில் மட்டும் வந்து திரும்பியவர்கள் என்ற பொதுக் கூற்றை அம்முறையே ஐயத்திற்குள்ளாக்குகிறது. தமிழகத்தார் ‘காப்பி’ என்பதை ஈழத்தார் ‘கோப்பி’ என்பர். நூற்பெயர் தவிர ஏனைய இடங்களில் ‘காப்பி’ என்ற வடிவே இங்கு ஆளப்படுகிறது.

செடியின் இயல்பு

காஃபியா அராபிக்கா எனப்படும் காப்பியின் தாயகம் எத்தியோப்பியாவின் தென்மேற்கு மலைக்காடுகள். அங்கு அது உயர்ந்த மரங்களின் கீழே, கிளைகளினூடே வடிந்து வரும் ஒளியில், காட்டின் கீழடுக்குப் புதராக வளர்கிறது. முழு வெயிலைத் தாங்கும் ஆற்றல் அதற்கு இல்லாமலில்லை. ஆயினும் திறந்த வெளியில் அது தன் வலிமைக்கு மீறிக் காய்க்கும். காய்ச்சுமை மிகுந்த ஆண்டில் கிளைகள் நுனியிலிருந்து காய்ந்துவர, அடுத்த ஆண்டு விளைச்சல் சரியும். நிழலில் வளரும் செடி குறைவாகக் காய்த்தாலும் நெடுங்காலம் நிலைக்கும். முதற்சில ஆண்டுகளின் மிகுவிளைச்சலைக் கருதுவோர் வெயிலையும், தோட்டம் நீடித்திருக்க வேண்டும் என்போர் நிழலையும் விரும்புவது இதனாலேயே.

விதையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். காப்பி விதை நெடுநாள் உயிரோடிராது. சில மாதங்களில் முளைப்புத்திறனை இழந்துவிடும். எனவே புதுத்தோட்டம் எழுப்புவோர் பருவந்தோறும் பழுத்த பழத்தைத் தேர்ந்து, தோல் நீக்கி, உள்தோலுடன் கூடிய விதையை உடனே நாற்றங்காலில் இட்டாக வேண்டும். தானியம்போல் குதிரில் வைத்துக் காக்கும் வித்தன்று இது. ஆண்டின் எல்லா மாதங்களிலும் ஆள் தேவைப்படும் நிலை இவ்விதையிலிருந்தே தொடங்குகிறது.

நிழல் அகன்ற கதை

ஐரோப்பியத் தோட்டக்காரர் வருமுன்பே இலங்கையில் காப்பி இருந்தது. கண்டிப் பகுதியின் வீட்டுத் தோட்டங்களில் பலா, கமுகு ஆகியவற்றின் கீழ் அது வளர்ந்தது. சிங்கள மக்கள் அதன் இலையைக் கறிக்கும் பூவைக் கோயில் அலங்காரத்திற்கும் பயன்படுத்தினர். பழத்தின் பயனை அறியார் என்று 1859இல் வெளிவந்த தம் நூலில் எமர்சன் டென்னன்ட் எழுதுகிறார். பயனறியார் என்ற அக்கூற்றை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. பிற்காலத்தில் அதே வீட்டுத் தோட்டங்களிலிருந்து ‘நாட்டுக் காப்பி’ பெருமளவில் ஏற்றுமதிக்குச் சென்றதை நோக்கினால், சந்தை கிடைத்தவுடன் பழத்தை விற்கத் தெரிந்தவர்களாகவே அவர்கள் காணப்படுகின்றனர். இங்கு நமக்கு வேண்டுவது, நிழலில் காப்பி வளர்க்கும் முறை அத்தீவில் கண்கூடாக இருந்தது என்ற செய்தியே.

தோட்டக்காரர்கள் அதைப் பின்பற்றவில்லை. 1820களில் கம்பளைக்கருகே ஜார்ஜ் பேர்டும், கன்னொறுவையில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்சும் தோட்டங்களைத் தொடங்கினர். 1837இல் இலங்கை வந்த ராபர்ட் பாய்ட் டைட்லர், ஜமைக்காவில் கற்ற மேற்கிந்தியத் தீவுகளின் முறையைப் புகுத்தினார். செயின்ட் டொமிங்கோவின் காப்பித் தோட்டக்காரராகிய லபோரி 1798இல் எழுதிய நூல் இவர்களுக்குக் கைந்நூலாயிற்று. அடிமை உழைப்பின் மீது எழுந்த ஒரு வேளாண் முறை, அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்ட அதே பத்தாண்டில், வேறு வகை உழைப்பை நம்பி வேறொரு தீவில் வேரூன்றியது. இத்தொடர்பை வேளாண் வரலாற்றாசிரியர்கள் குறிப்பிட்டுச் செல்கின்றனர். தொழிலாளர் வரலாற்றாசிரியர்கள் இதற்கு உரிய இடம் தந்ததாகத் தோன்றவில்லை.

காடு வெட்டும் முறை கவனிக்கத்தக்கது. சரிவின் அடியிலிருந்து தொடங்கி மேல்நோக்கி ஒவ்வொரு மரத்தையும் பாதியளவே வெட்டி நிறுத்துவர். உச்சி வரிசையை அடைந்ததும் அங்குள்ள மரங்களை முழுதும் வெட்டிச் சாய்ப்பர். அவை விழும் வேகத்தில் கீழ்வரிசை முறிய, அது அடுத்த வரிசையை முறிக்க, மலைச்சரிவு முழுவதும் ஒரே பேரோசையுடன் சரியும். கோடாலி வேலையைப் பெரும்பாலும் கண்டிச் சிங்களவர் ஒப்பந்த அடிப்படையில் செய்தனர். வெட்டிய காடு காய்ந்ததும் தீயிடப்பட்டது. எரிந்து கரிந்த அடிமரங்களுக்கிடையே, ஒரு மரநிழலும் இல்லாத சரிவில் காப்பி நடப்பட்டது. மலைமுகட்டு முகிலே போதிய நிழல் என்று தோட்டக்காரர் கருதினர். கடன்பட்டு நிலம் வாங்கியோருக்கு முதல் விளைச்சலை விரைந்து காணும் தேவையும் இருந்தது. இவ்விரண்டில் பின்னதே வலிய காரணம் என்று கொள்ளத் தோன்றுகிறது. முகில் எல்லாச் சரிவுகளிலும் ஒரே அளவில் படிவதில்லை. கடனோ தோட்டம்தோறும் இருந்தது.

குழி, கவாத்து, களை

நிழலற்ற தோட்டத்தின் வேலைகளை அடுத்தடுத்து நோக்கினால் தொழிலாளர் தேவையின் அளவு புலனாகும். 1860களில் வெளிவந்து 1870இல் இலண்டனில் இரண்டாம் பதிப்புக் கண்ட சபோனடியரின் ‘இலங்கைக் காப்பித் தோட்டக்காரர்’ முதலிய கைந்நூல்கள் இவ்வேலைகளை விரிவாக உரைக்கின்றன.

முதலில் நாற்றங்கால். ஈழத்து வழக்கில் இது ‘தவறணை’. நீர்வசதியுள்ள சமதரையில் பாத்தி கட்டி, விதையின் தட்டைப் பக்கம் கீழிருக்க ஊன்றுவர். ஆறு முதல் எட்டு வாரங்களில் முளைக்கும். விதையைத் தலைமேல் சுமந்து நிமிர்ந்து நிற்கும் முளைக்குத் தோட்டக்காரர் இட்ட பெயர் ‘சிப்பாய்’. வித்திலை இரண்டும் விரிந்தபின் அது ‘வண்ணத்துப்பூச்சி’. இந்த இளநாற்றுக்கு மட்டும் எல்லாத் தோட்டங்களிலும் பந்தலிட்டு நிழல் தந்தனர் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. செடிக்கு நிழல் உவப்பானது என்பதை அறியாமல் அவர்கள் காட்டை வெட்டவில்லை.

அடுத்து நிலத்தில் கயிறு பிடித்து வரிசையிட்டு முளைக்குச்சி நட்டு, குச்சிக்கொரு குழி வெட்ட வேண்டும். ஆறடிக்கு ஆறடி இடைவெளி எனக் கொண்டால் ஏக்கருக்கு 1,210 குழிகள். குழி நீளம், அகலம், ஆழம் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி எனின், ஒரு குழிக்கு மூன்று கன அடிக்கு மேல் மண் வெட்டி எடுக்கப்படும். ஏக்கருக்கு ஏறத்தாழ 4,080 கன அடி. 200 ஏக்கர்த் தோட்டத்திற்கு 2,42,000 குழிகள். வேரும் கல்லும் நிறைந்த செங்குத்துச் சரிவில் இவை மண்வெட்டியாலும் அலவாங்காலும் வெட்டப்பட்டவை. குழியை ஆறவிட்டு, சுற்றியுள்ள மேல்மண்ணால் நிரப்பி, பருவமழையோடு நாற்றை நடுவர்.

நட்டபின் வேலை குறைவதில்லை. செடி மூன்றடி, நான்கடி உயர்ந்ததும் தலை கிள்ளி மேல்வளர்ச்சியைத் தடுப்பர். பழம் பறிப்பவர் கைக்கு எட்ட வேண்டும் என்பதும், காற்றில் செடி ஆடக்கூடாது என்பதும் இதன் நோக்கம். தலை கிள்ளிய செடி அடங்கியிராது. தண்டிலிருந்து நீர்க்கொம்புகள் ஓயாது கிளம்பும். அவற்றை மாதந்தோறும் கையால் ஒடித்தெறிய வேண்டும். பறிப்பு முடிந்ததும் காய்த்து ஓய்ந்த கிளைகளைக் கழித்து அடுத்த ஆண்டிற்குரிய கிளைகளை விடுவதே கவாத்து. எக்கிளை பழையது, எது வருமாண்டிற்குரியது என்று கண்டறிந்து கத்தி வைப்பதற்குப் பயிற்சி வேண்டும். புதிதாக வந்திறங்கியவர் கையில் கவாத்துக் கத்தியைத் தரும் துணிவு எந்தக் கங்காணிக்கும் இருந்திராது. இதனோடு நீர்வடியக் கான் வெட்டல், எருவும் பிண்ணாக்கும் எலும்புத்தூளும் இடல் ஆகியவையும் சேரும்.

எல்லாவற்றினும் ஓயாத வேலை களையெடுப்பு. நிழலுள்ள தோட்டத்தில் உதிர்ந்த இலை தரையை மூடிக் களையை அடக்கும்; ஒளிக்குறைவும் அதற்குத் துணை. திறந்த சரிவிலோ வெயிலும் மழையும் செடிக்குக் கிட்டும் அளவிற்குக் களைக்கும் கிட்டின. எனவே இலங்கைத் தோட்டங்களில் மாதமொருமுறை தரையைத் துடைத்ததுபோல் களையெடுப்பது மரபாயிற்று. களையற்ற சரிவே நல்ல துரைக்கு அடையாளம். அத்தூய்மைக்கு இரு விலைகள் இருந்தன. மூடாக்கற்ற மண் மழைதோறும் கரைந்து ஆற்றில் சேர்ந்தது. பன்னிரண்டு மாதமும் தோட்டத்தில் ஆட்கள் தங்கியிருக்க வேண்டியதாயிற்று.

‘பருவத் தொழிலாளர்’ என்ற கூற்று

மலையகத் தமிழர் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் காப்பிக் காலத்தையும் தேயிலைக் காலத்தையும் பின்வருமாறு வேறுபடுத்துவர்: காப்பிக்குப் பறிப்புப் பருவத்தில் மட்டுமே ஆள் தேவை; எனவே திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை, சேலம் பகுதிகளிலிருந்து வந்தோர் பறிப்பு முடிந்ததும் ஊர் திரும்பினர். தேயிலைக்கு ஆண்டு முழுதும் கொழுந்து பறிக்க வேண்டியிருந்ததால் அவர்கள் நிலையாகக் குடியேறினர்.

இக்கூற்றில் உண்மை உண்டு. ஆண்டின் பிற்பகுதியில் பழம் செம்மையுறும்போது ஆள் தேவை பன்மடங்கு பெருகியது. ஒரே கிளையில் பச்சைக்காயும் செம்பழமும் கலந்திருக்க, பழுத்ததை மட்டும் தெரிந்தெடுக்க வேண்டும், பழுத்தது காத்திராது. மலையேறிப் பறிக்கையில் ஒரு பழம் தவறியதற்காகச் சின்னத்துரையிடம் உதைபட்டதைச் சொல்லும் மலையக நாட்டுப்பாடல், இப்பறிப்பின் கண்டிப்பைக் காட்டுகிறது. மன்னாரில் இறங்கி, நூறு மைலுக்கும் மேலான காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தவர்களில் பலர் வழியிலேயே மாண்டனர். எஞ்சியோரில் பெரும்பகுதியினர் பறிப்புக்குப்பின் திரும்பியதைக் காலனிய வருகைக் கணக்குகளும் உறுதி செய்கின்றன.

ஆயினும் திரும்பியவர்களைக் கொண்டு திரும்பாதவர்கள் இல்லை என்று முடிவுகட்ட இயலாது. மாதக் களையெடுப்பையும் நீர்க்கொம்பு ஒடிப்பையும் கவாத்தையும் தவறணைக் காவலையும் செய்தவர் யார்? பறிப்புக்கு வந்து நான்கைந்து மாதங்களில் சென்றவர்களால் இவை நடந்திருக்க முடியாது. காப்பிக் காலத்திலேயே தோட்டங்களில் நிலையாகத் தங்கிய ஒரு மக்கள்தொகை இருந்தது என்றும், அவர்களது தற்காலிகத் தன்மை மிகைப்படுத்தப்பட்டது என்றும் பாட்ரிக் பீபிள்ஸ் 2001ஆம் ஆண்டு நூலில் வாதிடுகிறார். அவர் ஆவணங்களின் வழியே கண்ட முடிவிற்கு, வேளாண் முறையும் தன்னளவில் சான்று பகர்கிறது என்பதே இங்குச் சேர்க்க விழையும் கருத்து. நிழலை நீக்கிய முடிவு களையைப் பெருக்கியது. களை, தங்கியிருக்கும் ஆட்களை வேண்டியது. லயங்கள் காப்பிக் காலத்திலேயே கட்டப்பட்டன என்பதும் இதனோடு வைத்தெண்ணத்தக்கது.

இது காலவரிசை பற்றிய சிறு பிணக்கன்று. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், அத்தீவில் பிறந்த ஒருவர் தம் தந்தையும் அங்கேயே பிறந்தவர் என்பதையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்குப் பிறந்தவர்கள் என்பதையோ நிறுவ வேண்டும் என்றது. பிறப்புப் பதிவேதுமற்ற தோட்ட மக்களில் மிகப்பெரும்பாலோர் நாடற்றவராயினர். அவர்கள் ‘வந்து போவோர்’ என்ற வாதம் அரசியல் மேடைகளில் ஒலித்தபோது, அதற்குப் பின்புலமாக நின்றது காப்பிக் காலம் பற்றிய மேற்கண்ட சித்திரமே. மூன்று தலைமுறைக்கு முன்னரே அச்சரிவுகளில் கவாத்துக் கத்தி பிடித்தவர்கள் இருந்தனர் என்பதைச் சொல்லப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. செடி வளர்ப்புக் கைந்நூல்கள் இருக்கின்றன.

துளைப்பானும் துருவும்

தமிழகத்தில் காப்பி, சேலம் ஆட்சியர் காக்பர்ன் முயற்சியால் 1820களில் சேர்வராயன் மலையில் வேரூன்றியது. குடகு, வயநாடு, நீலகிரி ஆகிய இடங்களில் பின்னர்ப் பரவியபோது அங்கும் பல தோட்டக்காரர்கள் இலங்கையைப் பின்பற்றிக் காட்டை முழுதும் வெட்டினர். 1860களில் வெண்தண்டு துளைப்பான் தோன்றியது. இவ்வண்டு வெயிலில் சுறுசுறுப்பாகப் பறந்து, ஒளிபடும் தண்டின் பட்டை வெடிப்புகளில் முட்டையிடும். புழு தண்டைக் குடைந்து செல்ல, செடி மஞ்சளித்து வாடும். பிடி தம் அறிக்கைக்காகப் பல மாவட்டத் தோட்டங்களை ஆராய்ந்து, நிழலுள்ள இடங்களில் சேதம் குறைந்திருக்கக் கண்டு, நிழலைப் பரிந்துரைத்தார். இதன்பின் தென்னிந்தியத் தோட்டங்கள் படிப்படியாக நிழலுக்குத் திரும்பின. கல்யாணமுருங்கை கீழ்நிழலாகவும், அத்தி, பலா முதலிய மரங்களும் பெரணி இலைபோல் பிளவுண்ட இலையுடைய சில்வர் ஓக்கும் மேல்நிழலாகவும் இன்று ஏற்காட்டில் நிற்பது இம்மரபின் தொடர்ச்சியே.

அதே 1869இல் இலங்கையின் மடுல்சீமைப் பகுதியில் இலையடியில் ஆரஞ்சு நிறத் துகள் காணப்பட்டது. பேராதனைத் தாவரவியல் தோட்ட இயக்குநர் துவைட்ஸ் அனுப்பிய மாதிரியை ஆராய்ந்த பெர்க்லி அதற்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிட்டார். பின்னொட்டிற்கு ‘அழிப்பது’ என்று பொருள். துருநோயின் வரவை அப்போது பலர் பொருட்படுத்தவில்லை. 1870ஐ ஒட்டி ஏற்றுமதி ஆண்டிற்கு 10 இலட்சம் அந்தரை எட்டியிருந்தது. விலையும் ஏறிவந்ததால் புதிய காடுகள் வெட்டப்பட்டன. 1880இல் இலங்கை வந்த இளைஞர் ஹாரி மார்ஷல் வார்ட், ஒட்டும் பூச்சிட்ட கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் வைத்துக் காற்றில் வரும் துகள்களைப் பிடித்துக் காட்டினார். இலைமேல் நீர்த்துளி நின்றால் துகள் முளைத்து இலைத்துளை வழியே உட்புகும் என்பதையும், ஒரே செடியை இடையீடின்றிப் பரப்பியதே கொள்ளைநோய்க்கு வழிவகுத்தது என்பதையும் அவர் விளக்கினார். தோட்டக்காரர் எதிர்பார்த்தது மருந்து. அவர் தந்தது விளக்கம். பத்தாண்டிற்குள் காப்பி வீழ்ந்து தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது.

நிழல் இருந்திருந்தால் இலங்கைக் காப்பி பிழைத்திருக்கும் என்று கூறுவோர் உளர். அவ்வளவு எளிதாக முடிவுகட்ட இயலாது. துருநோய் தென்னிந்தியாவின் நிழல் தோட்டங்களையும் தாக்கியது. நிழல் காய்ச்சுமையைக் குறைத்துச் செடியின் எதிர்ப்பைக் கூட்டும். காற்றின் விரைவையும் தணிக்கும். ஆனால் இலையின் ஈரத்தை நீடிக்கச் செய்து பூஞ்சைக்கும் துணைபோகும். துளைப்பானுக்கு நிழல் மருந்தானதுபோல் துருவிற்கு ஆகவில்லை. தென்னிந்தியக் காப்பியை நிலைநிறுத்தியவை, பிற்காலத்துச் செம்புக் கலவைத் தெளிப்பும், கென்ட் முதலிய தாங்குதிறன் கொண்ட தெரிவுகளும், 1925இல் பாலெஹொன்னூரில் அமைந்த ஆய்வு நிலையத்தின் பணியுமே ஆகும்.

கும்மியின் இடம்

இப்பின்னணியில் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’யை மீண்டும் நோக்கலாம். பெண்கள் கைகொட்டி ஆடும் பாட்டு வடிவில் ஒரு பெருந்தோட்டப் பயிரின் தொழில்முறை பாடப்பட்டுள்ளது. ஆங்கில மொழிபெயர்ப்பு உடனிருப்பதால் நூல் இரு திசைகளில் பேசுகிறது. தமிழ்ப்பாட்டு தொழிலாளரையும் கங்காணியையும் நோக்கியது. மொழிபெயர்ப்பு துரைமாரை நோக்கியது. அது தோட்டத்துரையின் பார்வையைத் தமிழில் ஒலிக்கிறது என்ற திறனாய்வு ஏற்கத்தக்கதே. ஆனால் வேறொரு வகையிலும் இந்நூல் சான்றாகிறது. பறித்துவிட்டுத் திரும்பும் கூட்டத்திற்குப் பயிர்த்தொழில் முழுவதையும் பாட்டாக்கிக் கற்பிக்க எவரும் முனையார். தொழிலை ஆண்டு முழுதும் செய்வதற்குரிய, தமிழில் கேட்டு மனங்கொள்ளத்தக்க மக்கள் தோட்டத்தில் இருந்தமையாலேயே அவ்வடிவம் பொருந்துவதாயிற்று.

துருநோய் அறிவிக்கப்பட்ட ஆண்டில் அச்சேறிய அந்நூல் தான் பாடிய பயிரை இரண்டு பத்தாண்டுகளுக்குள் இழந்தது. அப்பயிரோடு வழங்கிய சொற்களில் பல தேயிலைக்கு மாறிக்கொண்டன. தவறணையில் இன்று வளர்வது தேயிலைக் கன்று. கானும் கவாத்தும் கங்காணியும் அப்படியே தொடர்ந்தனர். ஏற்காட்டில் காப்பிக் கிளை கழிப்பவரும் நுவரெலியாவில் தேயிலைத் தூர் வெட்டுபவரும் தாம் செய்வதை இன்றும் கவாத்து என்றே சொல்கின்றனர்.